தாய்ப்பாலின் சத்துக்கணக்கு: எது மாறும், எது மாறாது

தாய்ப்பால் 100 மி.லி.யில் என்ன இருக்கிறது என்று எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் ஏறக்குறைய ஒரே வரிசைதான் கிடைக்கும்: 65 முதல் 70 கிலோகலோரி, கொழுப்பு 3.5 முதல் 4 கிராம், லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை சுமார் 7 கிராம், புரதம் சுமார் 1 கிராம், தண்ணீர் 87 விழுக்காடு. எண்களில் தவறில்லை. ஆனால் பல தாய்மாரிடம் பல வேளைகளில் எடுத்த பாலைச் சேர்த்துக் கண்ட சராசரி இது. ஒரே தாயிடம், ஒரே நாளில், ஒரே மார்பில் எடுத்த இரண்டு மாதிரிகள் கொழுப்பில் இரண்டு மூன்று மடங்கு வேறுபடுவது வெகு சாதாரணம்.

இது தெரியாததால், பீய்ச்சிய பால் நீலம் பாரித்து நீர்த்துத் தெரிந்தவுடன் "என் பால்ல சத்தே இல்ல" என்று முடிவுகட்டிப் பவுடர் பாலுக்குப் போகும் தாய்மார் பலர். நிறத்தையும் கெட்டித்தன்மையையும் பார்த்து வரும் அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. உண்மையிலேயே குறையக்கூடிய சத்துகளான வைட்டமின் டி, பி12, அயோடின் போன்றவையோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அவற்றை யாரும் பாலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தாயைப் பற்றிக் கேட்டுத்தான் ஊகிக்க முடியும்.

மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிரசவமாகி எத்தனை நாள்? மார்பு இப்போது எவ்வளவு காலியாக இருக்கிறது? தாயின் உடலில் அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது? புரதமும் உப்பும் துத்தநாகமும் முதல் கேள்விக்குக் கட்டுப்பட்டவை. கொழுப்பு இரண்டாவதற்கு. வைட்டமின்களில் பெரும்பாலானவை மூன்றாவதற்கு. லாக்டோஸ், கால்சியம் போன்ற சில, பால் நிலைபெற்ற பிறகு எதற்கும் அதிகம் அசைந்துகொடுப்பதில்லை.

சீம்பாலிலிருந்து நிறைபால் வரை

சீம்பால் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக ஊறுவதில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு அதைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்தான் அது பெருகாமல் தடுத்து வைத்திருக்கும். நஞ்சு வெளியேறியதும் அந்தத் தடை விலகும். 30 முதல் 72 மணி நேரத்துக்குள் பால் பெருகி மார்பு கனக்கும். அதுவரை வருவது சீம்பால்.

அளவு மிகக் குறைவு. முதல் 24 மணி நேரம் முழுவதற்கும் சேர்த்தே பலருக்கு 30 முதல் 50 மி.லி.தான், ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, சில சமயம் அதுவும் இல்லை. ஆரோக்கியமாக நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதுவே போதும். 100 மி.லி. சீம்பாலில் புரதம் 2 கிராமுக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பங்கு உடல் வளர்ச்சிக்கான புரதம் அன்று. குடல் சுவரைக் காக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருளும் லாக்டோஃபெரினும்தான். கொழுப்பும் லாக்டோஸும், பால் நிலைபெற்ற பிறகு வரும் நிறைபாலைவிடக் குறைவு, ஆகவே கலோரியும் குறைவு. மஞ்சள் நிறம் கரோட்டினால் வருவது. வைட்டமின் ஏ, ஈ இரண்டும் இந்த நாள்களில்தான் அதிகம்.

பால் பெருகும்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பால் சுரக்கும் செல்களுக்கு இடையே முதல் இரண்டு நாள் இடைவெளி இருக்கும். அதன் வழியே இரத்தத்திலுள்ள சோடியம் பாலுக்குள் கசியும்; பாலிலுள்ள லாக்டோஸ் வெளியே கசியும். முதல் நாளில் லிட்டருக்கு 50, 60 மில்லிமோல் என்று இருக்கும் சோடியம், இடைவெளிகள் மூடிக்கொண்டதும் மூன்று நான்கு நாளில் 20 அளவுக்கு இறங்கி, பிறகு 10-க்கும் கீழே போய்விடும். லாக்டோஸ் வெளியேற வழியின்றி உள்ளே சேரும். சேர்ந்த லாக்டோஸ் தண்ணீரை இழுக்கும். பாலின் அளவு ஏறும். ஐந்தாம் நாள் வாக்கில் பலருக்கு 500 மி.லி.யைத் தொட்டுவிடும். ஆக, பால் பெருகுவதும் பாலின் உள்ளடக்கம் மாறுவதும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல.

இதனால் சோடியம் நல்லதொரு துப்பு. ஒரு வாரம் கழித்தும் அது இறங்காமல் இருந்தால், மார்பிலிருந்து பால் போதுமான அளவு வெளியே எடுக்கப்படவில்லை என்று பொருள். காரணம் குழந்தை சரியாகக் கவ்வாததாக இருக்கலாம். வேளைகள் குறைவாக இருக்கலாம். அல்லது பால் பெருகுவதே தள்ளிப்போயிருக்கலாம். நஞ்சின் துண்டு கருப்பையில் தங்கியிருப்பது, நீரிழிவு, உடல் பருமன், பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு, நீண்ட வலிக்குப் பிறகான அறுவைப் பிரசவம் ஆகியவை தள்ளிப்போடும் காரணங்களில் முக்கியமானவை. வீட்டில் சோடியத்தை அளக்க முடியாது, குழந்தையை அளக்கலாம். எடை பிறந்தபோது இருந்ததில் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டும். அங்கே முதல் சந்தேகம் பாலின் தரத்தின் மேல் விழக்கூடாது, கிடைக்கும் அளவின் மேல் விழ வேண்டும்.

குழந்தையால் சப்ப முடியாத நிலை என்றால், முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்குவது நல்லது. சீம்பால் பிசுபிசுப்பானது, அளவிலும் சொற்பம். பம்ப்பில் எடுத்தால் குழாயிலும் கிண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். ஒரு கரண்டியில் நேராகப் பீய்ச்சி, அந்தச் சொட்டுகளை அப்படியே ஊட்டிவிடலாம்.

மூடிய இடைவெளிகள் பின்னாளில் மீண்டும் திறப்பதும் உண்டு. மார்பில் அழற்சி வந்து ஒரு பக்கம் சிவந்து வலிக்கும்போது அந்தப் பக்கத்துப் பாலில் சோடியம் ஏறும், லாக்டோஸ் இறங்கும். பால் உப்புக் கரிக்கும். குழந்தை ஒரு பக்கத்தை மட்டும் தள்ளிவிட்டு அழுவதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம். பால் கெட்டுப்போய்விடவில்லை. தொடர்ந்து எடுத்து, அழற்சிக்கு மருத்துவம் பார்த்தால் சில நாளில் சுவை பழையபடி திரும்பிவிடும்.

கொழுப்பு: அதிகம் அலையும் சத்து

தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. அதே கொழுப்புதான் மற்ற எல்லாச் சத்தையும்விட அதிகமாக ஏறி இறங்குகிறது. அதனால்தான் இதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் அதிகம்.

வேளையின் தொடக்கத்தில் வருவது முன்பால், கடைசியில் வருவது பின்பால் என்று சொல்லிச் சொல்லி, மார்புக்குள் இரண்டு வகைப் பால் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். சுரப்பது ஒரே பால்தான். கொழுப்பு சின்னஞ்சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது; மார்பு நிறைந்திருக்கும்போது அவற்றில் பல சுரப்பிச் சுவரில் ஒட்டியபடி பின்தங்கிவிடும். பால் வெளியேற வெளியேற, அவையும் கழன்று வரத் தொடங்கும். ஆகவே கொழுப்பின் அளவைத் தீர்மானிப்பது எத்தனையாவது நிமிடம் என்பதன்று. மார்பு எவ்வளவு காலியாகியிருக்கிறது என்பதே. ஐந்து மணி நேர இடைவெளிக்குப் பிறகு கொடுக்கும் வேளையின் முதல் பால் நீர்த்திருக்கும். அரை மணி நேரம் முன்பு குடித்து முடித்த மார்பையே குழந்தை மறுபடி கேட்டால், அந்த வேளையின் முதல் சொட்டே கொழுப்பு மிகுந்ததாக இருக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று, முழுக்கத் தாய்ப்பாலே குடித்த 1 முதல் 6 மாதக் குழந்தைகள் 71 பேரை 24 மணி நேரம் வேளைக்கு வேளை எடைபோட்டு, பால் மாதிரியும் எடுத்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் அடிப்படையானது. குழந்தைகள் நாளொன்றுக்குக் குடித்தது சராசரியாக 788 கிராம். ஆனால் குறைந்தது 478, அதிகம் 1,356. நாளுக்குச் சராசரியாக 11 தடவை, ஒவ்வொரு தடவையும் 76 கிராம். கொழுப்பு லிட்டருக்குச் சராசரி 41 கிராம். தாய்க்குத் தாய் 22 முதல் 62 வரை. மார்பில் இருந்த பாலில் சுமார் 67 விழுக்காட்டைத்தான் குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள், மீதியை விட்டுவைத்தார்கள். எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு: நாள் முழுக்கக் குழந்தைக்குக் கிடைத்த கொழுப்புக்கும், அது எத்தனை தடவை குடித்தது என்பதற்கும் தொடர்பே இல்லை. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்த குழந்தைக்கும், நிதானமாக அதிகம் குடித்த குழந்தைக்கும் 24 மணி நேரக் கணக்கில் கொழுப்பு வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆகவே "பின்பால் கிடைக்கவேண்டும், ஒரு பக்கத்தில் 20 நிமிடம் குடித்தே ஆகவேண்டும்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தை தானாக விடும்வரை ஒரு பக்கம் கொடுங்கள். பிறகு மறுபக்கம் காட்டுங்கள். வேண்டுமென்றால் குடிக்கும், இல்லையென்றால் திருப்பிக்கொள்ளும். இதற்கு விலக்கு ஒன்றுண்டு. பால் தேவைக்கு மிக அதிகமாகச் சுரக்கும் தாயிடம், குழந்தை ஒவ்வொரு பக்கத்திலும் நிறைந்த மார்பின் மேல்பாலை மட்டும் குடித்தே வயிறு நிறைந்துவிடும். கொழுப்பு குறைந்த பால் வயிற்றிலிருந்து வேகமாக இறங்கும். ஒரே நேரத்தில் வந்து சேரும் லாக்டோஸைக் குடல் முழுதும் செரிக்க முடியாமல் போகும். பச்சையாக, நுரையோடு, பீய்ச்சியடித்தாற்போல் மலம் போகும்; வயிறு உப்பும்; குழந்தை அழும். ஆனால் எடை நன்றாகவே கூடிக்கொண்டிருக்கும். அதுதான் இதை அடையாளம் காட்டும். அப்போது இரண்டு மூன்று வேளைக்கு ஒரே பக்கத்தைத் தந்து, பிறகு மறுபக்கத்துக்கு மாறினால் சில நாளில் சரியாகும். எடை கூடாத குழந்தைக்கு இந்த முறையைப் பயன்படுத்தினால் பால் இன்னும் குறைந்துபோகும்.

பரிசோதனைக்குப் பால் கொடுப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். நிறைந்த மார்பிலிருந்து முதலில் எடுத்த 5 மி.லி.யைச் சோதித்தால் கொழுப்பு 2 விழுக்காடு என்று வரலாம். குழந்தை குடித்து முடித்த பின் எடுத்த 5 மி.லி.யில் 6 விழுக்காடுகூடக் காட்டலாம். இரண்டும் அதே தாயின் பால். நம்பத்தக்க முறை இரண்டுதான்: ஒரு பக்கத்தை முழுதாக எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுப்பது, அல்லது 24 மணி நேரமும் ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சராசரி காண்பது. பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படும் எளிய வழி, பாலை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பிச் சுழற்றி, மேலே திரளும் ஏட்டின் உயரத்தை அளப்பது. குளிர்பெட்டியில் வைத்த பாட்டிலின் மேலே நிற்கும் ஏடு பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடுவதும் அந்தந்த வேளையில் மார்பு எவ்வளவு நிறைந்திருந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

தாய் நெய்யும் எண்ணெயும் அதிகம் சாப்பிட்டால் பாலில் கொழுப்பு கூடும் என்பது சரியில்லை. அளவு அப்படியே இருக்கும், வகை மாறும். தாய் கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தை நம்பியிருந்தால், மார்பு தானே தயாரிக்கும் நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களின் பங்கு ஏறும். மீன் சாப்பிடுபவரின் பாலில் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ கூடும். உலகச் சராசரி மொத்தக் கொழுப்பு அமிலங்களில் சுமார் 0.3 விழுக்காடுதான் என்றாலும், மக்களுக்கு மக்கள் பல மடங்கு வேறுபடுகிறது. டிரான்ஸ் கொழுப்பும் அதே வழியில் பாலுக்குள் வந்துவிடும். அதைத் தவிர்ப்பதால் கிடைக்கும் பலன், கூடுதல் நெய்யால் கிடைப்பதாகச் சொல்லப்படும் எதையும்விட உறுதியானது.

புரதமும் சர்க்கரையும்

பசும்பாலில் 100 மி.லி.க்கு 3.3 கிராம் புரதம். தாய்ப்பாலில் 1 கிராம். இதைப் பற்றாக்குறை என்று படிப்பவர்கள் உண்டு. கன்றின் வளர்ச்சி வேகத்துக்கு வேண்டியது அந்த 3.3 கிராம். குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது சுமை. பசும்பாலில் 80 விழுக்காடு கேசீன், வயிற்றில் கெட்டியாகத் திரிவது. தாய்ப்பாலில், திரியாமல் நீரில் கரைந்தே நிற்கும் வே புரதமும் கேசீனும் தொடக்கத்தில் 90-க்கு 10, நிறைபாலில் 60-க்கு 40, பிந்தைய மாதங்களில் சரிபாதி என்று மெல்ல மாறிவரும். மொத்தப் புரதமும் நாளாக நாளாக இறங்கும்: முதல் மாதத்தில் 1.3 கிராம் அளவில் இருப்பது, நான்காம் மாதத்தில் 1 கிராமுக்குக் கீழே வரும். குழந்தை எடை கூடும் வேகமும் அதே காலத்தில் குறைகிறது. பால் அதற்கு ஈடுகொடுக்கிறது. தாய் புரதம் அதிகம் சாப்பிட்டு இதை ஏற்ற முடியாது.

லாக்டோஸ் எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவு. தண்ணீரை இழுத்துப் பாலின் கனஅளவை நிர்ணயிப்பதே அதுதான் என்பதால், அது கூடினால் பாலும் கூடும், செறிவு மாறாது. இனிப்பு அதிகம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பாலின் இனிப்பு அப்படியே.

அதற்கடுத்து வரும், சிறு சர்க்கரைச் சங்கிலிகளான ஒலிகோசாக்கரைடுகளைப் பற்றிச் சில வரியாவது சொல்லியாக வேண்டும். 200-க்கும் மேற்பட்ட வகை. நிறைபாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம், சீம்பாலில் 20-ஐயும் தாண்டும். குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. தன் பிள்ளை செரிக்காத ஒன்றைத் தாய் இவ்வளவு சுரப்பது ஏன்? பெருங்குடலில் வாழும் பிஃபிடோ நுண்ணுயிர்களுக்கான உணவு அது. அவை பெருகி, குடலை அமிலத்தன்மையாக்கி, நோய்க்கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. குடல் சுவரில் ஒட்ட வரும் கிருமிகளைச் சில ஒலிகோசாக்கரைடுகள் தாமே பற்றிக்கொண்டு வெளியேறுவதும் உண்டு. எந்தெந்த வகை சுரக்கும் என்பது மரபணுவால் தீர்வது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு தாயின் பாலில், மற்றவர்களிடம் மிகுதியாக உள்ள ஃபியூகோஸ் என்ற சர்க்கரை சேர்ந்த ஒரு வகை இருக்கவே இருக்காது. அவர்களின் குழந்தைகளும் நன்றாகவே வளர்கிறார்கள்.

தாயின் உடலில் இருந்தால்தான் பாலில் இருக்கும்

தாய் சாப்பிடுவது பாலை மாற்றுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தாயிடம் குறைந்தால் பாலிலும் குறைபவை: பி1, பி2, பி6, பி12, கோலின், வைட்டமின் ஏ, டி, அயோடின், செலினியம். தாயிடம் குறைந்தாலும் பாலில் குறையாதவை: ஃபோலேட், கால்சியம், இரும்பு, செம்பு, துத்தநாகம். முதல் பட்டியலில் குறைபாடு வந்தால் தாய்க்குக் கொடுத்தால் குழந்தைக்கும் போகும். இரண்டாவது பட்டியலில் தாய்க்குக் கொடுப்பது தாயைக் காக்கத்தான்; பால் மாறாது.

வைட்டமின் டி நன்றாகச் சாப்பிடும் தாயின் பாலிலும் குறைவுதான்: லிட்டருக்குப் பெரும்பாலும் 80 யூனிட்டுக்கும் கீழ். குழந்தைக்கு வேண்டியது நாளுக்கு 400 யூனிட். இந்தப் பள்ளத்தைப் பால் நிரப்பாது. முதல் நாள்களிலிருந்தே 400 யூனிட் சொட்டுமருந்து தருவதுதான் பரவலான பரிந்துரை. தாய் நாளுக்கு 6,400 யூனிட் எடுத்தால் பாலிலேயே போதுமான டி வந்துவிடுகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வழக்கமான அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் யாரும் எடுக்கக்கூடாது. சொட்டுமருந்தில் நடக்கும் தவறு வேறு: ஒரு நிறுவனத்தின் மருந்தில் 1 மி.லி.யில் 400 யூனிட், இன்னொன்றில் ஒரே சொட்டில் 400 யூனிட். மருந்தை மாற்றும்போது லேபிளைப் படிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் பல மடங்கு போய்விடும்.

வைட்டமின் கே லிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம்தான். பிறந்தவுடன் தொடையில் போடும் 1 மி.கி. ஊசி இதற்காகத்தான். அதை விட்டுவிட்டால், முழுக்கத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதத்துக்குள்கூட மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து இருக்கிறது.

பி12 பற்றாக்குறைதான் என் கணிப்பில் இந்தப் பட்டியலிலேயே அதிகம் தவறவிடப்படுவது. பாலும் முட்டையும் இறைச்சியும் இல்லாத உணவு, பி12-ஐ உறிஞ்ச முடியாத இரத்தசோகை, எடை குறைப்புக்கான வயிற்று அறுவை சிகிச்சை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாயின் பாலில் அது சரியும். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். கர்ப்பத்தில் எடுத்த ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மறைத்துவிடும். குழந்தை முதல் சில மாதம் நன்றாக இருந்து, 4 முதல் 6 மாத வாக்கில் சோர்ந்துபோகும்; சிரித்தது சிரிக்காது; தலை நின்றது தளரும்; கைகால் நடுங்கலாம்; விரல் முட்டிகள் கறுக்கலாம். தாமதமானால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். அசைவமும் பாலும் அறவே சேர்க்காத தாய், கர்ப்பத்திலும் பாலூட்டும் காலம் முழுவதும் பி12 எடுக்கவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

பி1 குறைந்தால் ஆபத்து இன்னும் வேகமானது. தீட்டிய தானியத்தையே நம்பி, பத்தியம் என்ற பேரில் மற்றதை ஒதுக்கிய தாயிடம் பால் குடிக்கும் குழந்தைக்கு 2, 3 மாதத்தில் குரல் கம்மும், அழுவது தெரியும், சத்தம் வராது, மூச்சு வாங்கும், இதயம் செயலிழக்கும். பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்தில் தேறும் நோய் இது. பிரசவத்துக்குப் பின் தாயின் தட்டைச் சுருக்கும் எந்தக் கட்டுப்பாட்டையும் இந்த ஒரு காரணத்துக்காகவே கேள்வி கேட்கலாம்.

அயோடினுக்குப் பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அயோடின் சேர்த்த உப்பு பயன்படுத்தும் வீட்டில் பெரும்பாலும் கிடைத்துவிடும். தாய் புகைபிடித்தால், புகையிலிருந்து வரும் தயோசயனேட் அயோடின் பாலுக்குள் போவதைத் தடுக்கும்.

இனி இரண்டாவது பட்டியல். பாலின் வழியே நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் கால்சியம் வெளியேறுகிறது; தாயின் எலும்பு அதை ஈடுகட்டுகிறது. ஆறு மாதத்தில் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 விழுக்காடு வரை குறையும். பால் மறந்த பிறகு அது பெரும்பாலும் திரும்ப ஏறிவிடுகிறது. இந்த இறக்கம் ஹார்மோன்களின் ஏற்பாடு என்பதால் கால்சியம் மாத்திரை அதைத் தடுப்பதில்லை, பாலிலும் கால்சியத்தைக் கூட்டுவதில்லை. இரும்பும் இப்படியே: மாத்திரை தாயின் இரத்தசோகையைத் தீர்க்கும், பாலில் லிட்டருக்கு 0.3, 0.4 மி.கி. என்ற அளவைத் தொடாது.

தாய்க்குக் கூடுதலாக எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்பதும் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியதே. 780 மி.லி. பாலில் சுமார் 520 கிலோகலோரி. அதைச் சுரக்க ஆகும் இழப்பையும் சேர்த்தால் 650. கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்து நாளுக்கு 150 அளவில் கிடைக்கும். மீதி 500 கிலோகலோரி தட்டிலிருந்து வரவேண்டும். தாய் ஓரளவு மெலிந்திருந்தாலும் பாலின் அளவோ கலோரியோ பெரிதாகக் குறைவதில்லை. நீண்ட, கடுமையான பட்டினியில்தான் குறையும். தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதால் பால் கூடாது. பாலைக் கூட்டுவது மார்பைக் காலியாக்குவதுதான்.

குறைமாதக் குழந்தையின் கணக்கு

குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் முதல் வாரங்களில் புரதம் அதிகம், 100 மி.லி.க்கு 1.5 கிராமுக்கும் மேல். நான்கு வாரத்தில் அது சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். குழந்தையின் தேவையோ இறங்குவதில்லை. 1.2 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 160 மி.லி. வீதம் பால் தந்தால், பாலில் புரதம் 1.2 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், கிலோவுக்கு 1.9 கிராம்தான் கிடைக்கும். வேண்டியது 3.5 கிராமுக்கும் மேல். கால்சியம் கிலோவுக்கு 40 மி.கி. அளவில் கிடைக்கும், வேண்டியது 120 மி.கி. தானப் பாலில் புரதம் இன்னும் குறைவு, ஏனென்றால் தானம் செய்பவர்களில் பலர் பிரசவமாகி மாதங்கள் ஆனவர்கள்.

இதனால்தான் மிகக் குறைந்த எடைக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு செறிவூட்டும் பவுடரோ திரவமோ கலக்கிறார்கள். குடல் அழுகல் நோயிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை என்பதால் பாலை மாற்றுவதில்லை, அதில் சேர்க்கிறார்கள். எடை சரியாகக் கூடாவிட்டால் முதலில் பார்க்கவேண்டிய இடம் ஊட்டும் குழாய். பம்ப் வைத்து மெதுவாகச் செலுத்தும்போது கொழுப்பு மேலே மிதந்து ஊசிக்குழலிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்குப் போவது ஏடு நீக்கிய பால். ஊசிக்குழலின் முனையை மேல்நோக்கிச் சாய்த்து வைப்பதும், குழாயின் நீளத்தைக் குறைப்பதும், முடிந்தால் வேளை வேளையாகச் சட்டென்று ஊட்டுவதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

எடுத்து வைத்த பாலில் இழப்பது

25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், குளிர்பெட்டியில் 4 நாள், உறைபெட்டியில் 6 மாதம் என்பவை வழக்கமான வரம்புகள். வரம்புக்குள்ளேயே சில சத்துகள் குறையும்: வைட்டமின் சி நாளுக்கு நாள் இறங்கும்; வெளிச்சம் பட்டால் பி2 அழியும். ஏடு பாட்டிலின் சுவரில் ஒட்டியிருந்தால் இதமான வெந்நீரில் வைத்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அப்படியே ஊற்றினால் கலோரியில் ஒரு பகுதி பாட்டிலோடு போய்விடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் கொதித்து இன்னோரிடம் குளிர்ந்திருக்கும். வாய் வெந்துபோவதோடு எதிர்ப்பொருள்களும் அழியும். உருகவைத்த பாலைத் திரும்ப உறையவைக்கக்கூடாது.

சிலருடைய பால் குளிர்பெட்டியில் ஒரு நாள் இருந்தாலே சோப்பு வாடை அடிக்கும். பாலிலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைப்பதால் வருவது அது; தீங்கில்லை, ஆனால் குழந்தை மறுக்கலாம். எடுத்தவுடன் ஓரத்தில் சிறு குமிழி எழும்வரை, கொதிக்கவிடாமல் சூடாக்கி, உடனே குளிர்வித்து உறையவைத்தால் வாடை வராது. கொஞ்சம் பாதுகாப்புப் புரதம் இழக்க நேரும் என்பதால், குழந்தை மறுத்தால் மட்டும் இதைச் செய்யலாம். ஏற்கெனவே வாடை வந்த பாலைச் சூடாக்கிப் பயனில்லை.

பால் வங்கிகளில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்கள். கிருமிகளோடு லைபேஸ் முழுதும் போகும், லாக்டோஃபெரினில் பெரும்பகுதி போகும். ஐஜிஏ கணிசமாக மிஞ்சும். ஒலிகோசாக்கரைடுகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆறு மாதத்துக்குப் பிறகு

ஆறாம் மாதத்தில் பால் நீர்த்துப்போவதில்லை. குழந்தையின் தேவை பாலைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இரும்பில் இது துல்லியமாகத் தெரியும்: இந்த வயதில் குழந்தையின் உடல் நாளுக்கு 0.7 மி.கி. அளவுக்கு இரும்பை உறிஞ்சியாக வேண்டும். 700 மி.லி. பாலில் மொத்தமே 0.2 மி.கி. சொச்சம், முழுதும் உறிஞ்சினாலும் போதாது. அதுவரை தாங்கியது பிறவியிலேயே கொண்டுவந்த சேமிப்பு. தொப்புள்கொடியை 1 நிமிடமாவது பொறுத்து வெட்டினால் அந்தச் சேமிப்பு கூடும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குச் சேமிப்பே குறைவு என்பதால் இரண்டாம் மாதத்திலிருந்தே இரும்பு தேவைப்படும். துத்தநாகமும் முதல் மாதத்தில் லிட்டருக்கு 2, 3 மி.கி. இருந்து, ஆறு ஏழு மாதத்தில் 0.5 மி.கி. அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே முதலில் கொடுக்கும் இணை உணவில் இரும்பும் துத்தநாகமும் உள்ளவை இருக்கவேண்டும். வெறும் கஞ்சித்தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலையும் குறைத்துவிடும். உணவிலிருந்து வரவேண்டிய கலோரி 6 முதல் 8 மாதத்தில் நாளுக்கு 200 அளவில், 9 முதல் 11 மாதத்தில் 300 அளவில், இரண்டாம் ஆண்டில் 550 அளவில்.

ஒரு வயதுக்கு மேல் பாலில் ஒன்றுமில்லை என்ற பேச்சுக்கு எண்களே பதில். இரண்டாம் ஆண்டில் நாளுக்கு 448 மி.லி. குடிக்கும் குழந்தைக்கு வேண்டிய கலோரியில் 29 விழுக்காடு, புரதத்தில் 43, வைட்டமின் ஏ-யில் 75, ஃபோலேட்டில் 76, பி12-இல் 94 விழுக்காடு அந்தப் பாலிலிருந்தே வருகிறது. இரும்பு மட்டும் வெகு சொற்பம். காய்ச்சலில் எதையும் சாப்பிட மறுக்கும் குழந்தை பாலை மட்டும் குடித்துத் தேறுவது இந்தக் கணக்கினால்தான்.

பால் மறக்கடிக்கும்போது, நாளுக்கு 400 மி.லி.க்குக் கீழே அளவு குறையக் குறையச் செல்களின் இடைவெளிகள் மீண்டும் திறக்கும். சோடியமும் புரதமும் ஏறும், லாக்டோஸ் இறங்கும்; பால் கெட்டியாகி உப்புக் கரித்து, சீம்பாலின் பக்கம் திரும்பும். எதிர்ப்பொருள்களின் செறிவும் அதோடு ஏறுவதால், கடைசியாகக் குடிக்கும் சின்ன அளவுகளும் வீணில்லை. ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு அழற்சியில் முடியக்கூடும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்து, கனத்தால் இதமாகும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிட்டால் மார்பு தானே அடங்கிவிடும்.